காற்றுத் துப்பாக்கியோடு பழகுதல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுவர், இசை பேசுவர், தாயகத்தின் பெருமை பேசுவர். துப்பாக்கியைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். காரணத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். சென்ற ஓராண்டாக நம் காலனியில் பல இல்லங்களில் பிள்ளைகள் காற்றுத் துப்பாக்கி வேண்டுமென்று கேட்டு வருகின்றனர். பெற்றோருள் சிலர், “அது விளையாட்டுச் சாமான்தானே” என்று உடனே வாங்கிக் கொடுத்துவிடுகின்றனர். வேறு சிலர், “ஆயுதம் என் வீட்டு வாயிற்படியைத் தாண்டக் கூடாது” என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுகின்றனர். இவ்விரு சாராரும் அக்கருவியை அறிந்தபின் முடிவு செய்தவர் அல்லர். வாங்குவதானாலும் மறுப்பதானாலும் அறிந்து செய்வது நல்லது. அந்த அறிமுகத்தைச் செய்து வைப்பதே இன்று என் பணி.

பிள்ளைகளுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று நாம் வியக்க வேண்டியதில்லை. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் அப்போட்டியில்தான் அபினவ் பிந்திரா பொற்பதக்கம் பெற்றார். தனி ஒருவராக இந்தியர் ஒருவர் ஒலிம்பிக்கில் பெற்ற முதற் பொற்பதக்கம் அது. 2012-இல் லண்டனில் ககன் நாரங் வெண்கலம் பெற்றார். நமக்கு இன்னும் நெருக்கமான பெயர் ஒன்று உண்டு. கடலூரில் பிறந்து, குஜராத்தின் அகமதாபாதில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் பொற்பதக்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரு ஒலிம்பிக் பந்தயங்களிலும் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். நம் வீட்டுப் பெண்களைப் போலவே வீட்டில் தமிழும் வெளியில் வேற்று மொழியும் கேட்டு வளர்ந்த ஒருவர் உலக அரங்கில் நின்றதைத் தொலைக்காட்சியில் கண்ட குழந்தை, “எனக்கும் ஒன்று வேண்டும்” என்று கேட்பது இயல்பே.

ஆனால் ஒன்றை நாம் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். அவ்வீரர்களின் கையிலிருப்பது, முன்பே அழுத்தி அடைக்கப்பட்ட காற்றால் இயங்கும் உயர்ந்த விலைக் கருவி. தொடக்க நிலையில் நம் இல்லங்களுக்கு வருவதோ பெரும்பாலும் சுருள்வில்லால் இயங்கும் துப்பாக்கி. இரண்டும் காற்றால்தான் சுடுகின்றன. எனினும் அவற்றின் இயல்பு வேறு, பழகும் முறையும் வேறு. நான் கூறப்போவது சுருள்வில் துப்பாக்கியைப் பற்றியே.

காற்றால் சுடும் கருவி புதியதன்று. ஆஸ்திரிய நாட்டுப் படையினர் 1780-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேயே காற்றுத் துப்பாக்கியைக் கையாண்டிருக்கின்றனர். சுருள்வில் வகையில் சிறந்ததொரு கருவியை இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து லிங்கன் ஜெப்ரீஸ் என்பவர் வகுத்து 1904-இல் காப்புரிமை பெற்றார். மிதிவண்டியால் நமக்கெல்லாம் அறிமுகமான பெயராகிய பி.எஸ்.ஏ. நிறுவனம் 1905 முதல் அதனைச் செய்து விற்றது. இன்றுள்ள சுருள்வில் துப்பாக்கிகளும் அடிப்படையில் அதே முறையில் இயங்குகின்றன.

அதன் உட்பகுதியை மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பாக எண்ணிக்கொள்ளுங்கள். ஓர் எஃகு உருளை. அதனுள் முன்னும் பின்னும் ஓடும் பிஸ்டன். பிஸ்டனின் தலையில் காற்றுக் கசியாதபடி ஒரு வாஷர். பிஸ்டனுக்குப் பின்னால் வலிய சுருள்வில் ஒன்று. உருளையின் முன் முனையில் ஒரு சிறு துளை. துளைக்கு அப்பால் குழல். குழலின் வாயிலில் ஈயக் குண்டு. இவ்வளவே. கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் வகையில் குழலே நெம்புகோலாகவும் பயன்படுகிறது. குழலைக் கீழ்நோக்கி மடக்கினால் அதனோடு இணைந்த தண்டு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளிச் சுருள்வில்லை இறுக்குகிறது. பிஸ்டன் ஒரு கொண்டியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. குண்டை வைத்துக் குழலை நிமிர்த்தியபின் சுடுவிசையை அழுத்தினால் கொண்டி விலகுகிறது, சுருள்வில் விரிகிறது, பிஸ்டன் முன்னோக்கிப் பாய்கிறது. உருளையில் இருந்த காற்று முழுவதும் ஒரு மூலையில் நெருக்குண்டு, சூடேறிச் சிறு துளையின் வழியே பீறிட்டுக் குண்டைத் தள்ளுகிறது. சொல்ல இவ்வளவு நேரம் ஆயிற்று. நிகழ்வதோ ஒரு விநாடியில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு நேரத்தில்.

இப்பொழுது, இத்துப்பாக்கியோடு பழகுவதற்குத் திறவுகோலான செய்திக்கு வருகிறேன். படகிலிருந்து கரைக்குத் தாவுபவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் முன்னே பாயும்பொழுது படகு பின்னே நகர்கிறது. அவ்வாறே கனமான பிஸ்டன் முன்னே பாயும்பொழுது துப்பாக்கி முழுவதும் பின்னே நகர்கிறது. பிஸ்டன் உருளையின் முனையை அடையும் தறுவாயில், நெருக்குண்ட காற்று மெத்தையைப் போல அதனைத் தடுத்து நிறுத்துகிறது. உடனே துப்பாக்கி முன்னோக்கி உதைக்கிறது. மற்றத் துப்பாக்கிகள் ஒரு முறை பின்னால் உதைக்கும்; சுருள்வில் துப்பாக்கி பின்னும் முன்னுமாக இரு முறை உதைக்கும். அதனினும் முக்கியமானது, குண்டு குழலைவிட்டு வெளியேறுவதற்கு முன்பே இந்த அசைவு தொடங்கிவிடுகிறது என்பதாகும். குறி பார்த்த நிலையில் துப்பாக்கி இருக்கும்பொழுது குண்டு புறப்படுவதில்லை. துப்பாக்கி அசைந்துகொண்டிருக்கும்பொழுதே புறப்படுகிறது.

ஆகவே இந்த அசைவு ஒவ்வொரு முறையும் ஒரே வகையாக இருந்தால் குண்டுகள் ஒரே இடத்தில் சேரும். வெவ்வேறு வகையாக இருந்தால் சிதறும். சிறு கணக்கொன்று பாருங்கள். துப்பாக்கியின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அடிக்கட்டை அசையாதிருக்கக் குழலின் நுனி மட்டும் ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தொலைவில் குண்டு 10 மில்லிமீட்டர் விலகிப் போய்ப் படும். போட்டிக்குரிய இலக்கு அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தொலைவு இரண்டரை மில்லிமீட்டர். எனவே நுனியில் ஒரு மில்லிமீட்டர் தவறு அட்டையில் நான்கு வளையம் தவறாக முடிகிறது. நடுப்புள்ளியாகிய பத்தாம் வளையத்தின் குறுக்களவோ அரை மில்லிமீட்டர்தான்.

புதிதாகத் துப்பாக்கியை எடுப்பவர் எல்லோரும் செய்வது ஒன்றே. “உதைக்கிறதே, இறுக்கிப் பிடிப்போம்” என்று தோளில் அழுத்தி, இரு கைகளாலும் இறுக்கிப் பற்றுகின்றனர். மனிதனுடைய தசை ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இறுகுவதில்லை. ஒரு முறை சற்று மிகுதியாக, மறுமுறை சற்றுக் குறைவாக இறுகும். அதற்கேற்பத் துப்பாக்கியின் அசைவும் மாறும். குண்டுகள் அட்டை முழுவதும் பரவும். அதைக் கண்டு இன்னும் இறுக்கிப் பிடிப்பர், இன்னும் சிதறும்.

இதற்கு மாற்று, தளரப் பிடிப்பது. துப்பாக்கியின் முன்கட்டையை விரித்த உள்ளங்கையின்மேல் வெறுமனே வைத்துக்கொள்ள வேண்டும். விரல்கள் அதைப் பற்றக் கூடாது. அடிக்கட்டை தோளை மெல்லத் தொட்டிருந்தால் போதும். கன்னம் கட்டையின்மேல் படிந்திருக்க வேண்டும், அழுந்தக் கூடாது. சுடுகின்ற கையும் கைகுலுக்கும் அளவுக்குமேல் இறுகக் கூடாது. அதன்பின் துப்பாக்கி தன் விருப்பப்படி பின்னும் முன்னும் அசையட்டும். தடை ஒன்றும் இல்லாதபொழுது அது ஒவ்வொரு முறையும் ஒரே வகையாகவே அசையும். இதனைப் பீரங்கிப் பிடி என்பர். பீரங்கியைச் சுடும்பொழுது அதனை யாரும் கட்டிப் பிடிப்பதில்லை. அது தன் வண்டியின்மேல் தாராளமாகப் பின்னடித்துவிட்டுப் பழைய இடத்துக்கு வருகிறது.

ஜெர்மனியின் பொறியாளர்களும் இவ்வழியையே கண்டனர். 1960-களில் பைன்வெர்க்பாவ் நிறுவனத்தார் போட்டிக்கென்று செய்த சுருள்வில் துப்பாக்கியில், சுடும்பொழுது இயந்திரப் பகுதி முழுவதும் கட்டையின்மேல் தண்டவாளம்போல் அமைந்த பாதையில் பின்னே வழுக்கிச் செல்லும். தோளில் உதை தெரியாது. டயானா நிறுவனத்தாரோ இரு பிஸ்டன்களை எதிரெதிர்த் திசையில் ஓடச் செய்து ஓர் உதையை மற்றோர் உதையால் ஈடுசெய்தனர். உதையை வலிமையால் அடக்க இருவருமே முயலவில்லை. நம் பிள்ளைகளுக்கு வாங்கும் துப்பாக்கியில் அத்தகைய அமைப்பு இராது. அப்பாதையின் வேலையை நம் உள்ளங்கைதான் செய்ய வேண்டும்.

இனி, புதிய துப்பாக்கி ஒன்று வீட்டுக்கு வந்தால் என்ன செய்வது என்பதை வரிசையாகக் கூறுகிறேன்.

முதல் நாள் சுடவே வேண்டாம். உடன் வந்த விளக்க நூலைத் தந்தையும் பிள்ளையும், அல்லது தாயும் மகளும், சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். கட்டையை இணைக்கும் திருகாணிகள் இறுக்கமாக உள்ளனவா என்று பாருங்கள். சுருள்வில்லின் அதிர்ச்சியால் அவை அடிக்கடி தளரும். தளர்ந்த திருகாணியோடு எவ்வளவு கவனமாகச் சுட்டாலும் குண்டு சிதறும். தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் குழலுக்குள் இருக்கும். துணித்துண்டால் அதனைத் துடைத்தெடுங்கள்.

குண்டு வைக்காமல் வெறுமனே சுடுவது கூடவே கூடாது. குழலின் வாயில் திறந்திருந்தால் காற்று தடையின்றி ஓடிவிடும். பிஸ்டனைத் தாங்கும் காற்று மெத்தை உண்டாகாது. பிஸ்டன் உருளையின் முனையில் இரும்போடு இரும்பாக மோதும். வாஷர் நசுங்கும், சுருள்வில் கெடும். “சும்மா ஒரு தடவை அழுத்திப் பார்க்கிறேன்” என்று விருந்தினர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

குழலை மடக்கிக் குண்டு வைக்கும்பொழுது, ஒரு கை குழலை விடாமல் பற்றியிருக்க வேண்டும். அந்நிலையில் கொண்டி நழுவினால் குழல் பேராற்றலோடு நிமிர்ந்து விரலை நசுக்கிவிடும். வலிமை குறைந்த சிறுவர் குழலை மடக்கத் திணறினால், அத்துப்பாக்கி அவர்களுக்கு இன்னும் ஏற்றதன்று என்று கொள்க.

முதலில் சுடும் சில குண்டுகளில் புகையும் பேரோசையும் எழுந்தால் அஞ்ச வேண்டாம். உருளைக்குள் எஞ்சிய எண்ணெய், நெருக்குண்ட காற்றின் வெப்பத்தால் தீப்பற்றுகிறது. நம் காலனியில் டீசல் எந்திரத்தை அறிந்தவர் பலர் உண்டு. இதுவும் அதே நிகழ்ச்சிதான். எண்ணெய் தீர்ந்ததும் அது அடங்கும். “நன்றாக ஓடட்டும்” என்று கண்ட எண்ணெயை உருளைக்குள் விடுவதே தவறு. வியர்வை பட்ட வெளிப்பகுதியை மட்டும் எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். புதிய துப்பாக்கி பதப்பட்டு ஒரு நிலைக்கு வரச் சில நூறு குண்டுகளாவது சுட வேண்டியிருக்கும். அதற்கு முன் அதன் குணத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது பொருந்தாது.

குண்டைப் பற்றியும் ஒரு சொல். 4.5 மில்லிமீட்டர் அளவுள்ள ஈயக் குண்டு, இடை சிறுத்து, பின்புறம் பாவாடைபோல் விரிந்திருக்கும். காற்றின் அழுத்தத்தால் அவ்விரிவு குழலோடு ஒட்டிக்கொண்டு காற்றுக் கசியாமல் காக்கிறது. தட்டைத் தலைக் குண்டு அட்டையில் வட்டமாக வெட்டியதுபோல் துளையிடும். பயிற்சிக்கு அதுவே ஏற்றது. ஒவ்வொரு குழலுக்கும் ஒத்துவரும் குண்டு ஒன்று உண்டு. இரண்டு மூன்று வகைகளைச் சிறிது சிறிதாக வாங்கிச் சுட்டுப் பார்த்து, எது நெருங்கிச் சேர்கிறதோ அதனையே பிறகு வாங்குங்கள். ஈயம் உடலுக்குத் தீங்கானது. குண்டை வாயில் அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுக்கும் வழக்கத்தைப் பிள்ளைகள் எளிதில் கற்றுக்கொள்வர்; அதனை முளையிலேயே கிள்ள வேண்டும். சுட்டு முடித்தவுடன் சோப்பால் கை கழுவாமல் தின்பண்டத்தைத் தொடக் கூடாது.

பயிற்சியைத் தொடங்கும்பொழுது 10 மீட்டரில் அட்டையை வைத்து, உட்கார்ந்து, மென்மையான பையின்மேல் கையைத் தாங்கி, கையின்மேல் துப்பாக்கியை வைத்து ஐந்து குண்டு சுடுங்கள். துப்பாக்கியை நேராக மேசையின்மேலோ சுவரின்மேலோ சாய்த்தால் கடினமான பொருளிலிருந்து அது துள்ளும். ஐந்தும் நடுவில் பட்டனவா என்று பார்க்காதீர்கள். ஐந்தும் ஒன்றுக்கொன்று நெருங்கி உள்ளனவா என்று பாருங்கள். மூலையில் பட்டிருந்தாலும் ஐந்தும் ஒரு நாணயத்துக்குள் அடங்கினால் மகிழுங்கள். பின்குறியைத் திருகி அக்கூட்டத்தை நடுவுக்குக் கொண்டுவருவது எளிய வேலை; குண்டு எப்பக்கம் செல்ல வேண்டுமோ அப்பக்கமே பின்குறியை நகர்த்த வேண்டும். ஐந்தும் சிதறியிருந்தால் பின்குறியைத் தொடாதீர்கள். உள்ளங்கை தாங்கும் இடத்தை ஒரு விரற்கடை முன்னோ பின்னோ மாற்றி மீண்டும் ஐந்து சுடுங்கள். எவ்விடத்தில் தாங்கினால் குண்டுகள் நெருங்குகின்றன என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும். கண்டதும் அவ்விடத்தில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் செய்துகொள்ளுங்கள்.

சுடுவிசையை விரல் நுனிச் சதையால் நேராகப் பின்னோக்கி மெல்ல அழுத்த வேண்டும்; வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சுட்டவுடன் தலையைத் தூக்கி, எங்கே பட்டது என்று பார்க்கும் ஆவல் எல்லோர்க்கும் உண்டு. குண்டு குழலுக்குள் ஓடும் அச்சிறு நேரத்தில் தலை தூக்கினால் எல்லாம் கெடும். குறியின்மேல் கண் வைத்தபடியே மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணியபின் நிமிருங்கள். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் கூறிய பழமொழி இதற்கு முற்றும் பொருந்தும்.

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வதும் நலம். நாள், குண்டின் வகை, கை தாங்கிய இடம், ஐந்து குண்டுகள் பரவிய அகலம் இவற்றை எழுதிவர வேண்டும். இரண்டு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், ஒரு சாண் அகலம் பரவிய குண்டுகள் எவ்வாறு சுருங்கி வந்தன என்பதைப் பிள்ளை தன் கையெழுத்திலேயே காணும்.

பெற்றோர்களே! இங்கே உங்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் மாதத்தில் குண்டுகள் சிதறியே தீரும். அப்பொழுது பிள்ளை, “எனக்கு இது வராது” என்று சோர்ந்து போகும். அல்லது தந்தை, “கடைக்காரன் மட்டமான துப்பாக்கியைத் தலையில் கட்டிவிட்டான்” என்று சினங்கொள்வார். பழுதான கருவியும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் குறை பிள்ளையிடமும் இல்லை, கருவியிடமும் இல்லை. ஒன்றை ஒன்று இன்னும் அறியவில்லை, அவ்வளவே. புது ஊருக்கு மாற்றலாகி வந்தபொழுது நாமும் இவ்வாறுதானே இருந்தோம்? மொழி தெரியாமல், வழக்கம் தெரியாமல், சில மாதம் தடுமாறினோம். ஊரின் இயல்பை அறிந்து அதற்கேற்ப நடந்துகொண்டபின் அதுவும் நம் ஊராயிற்று. பிள்ளைக்கும் அந்த அவகாசத்தைக் கொடுங்கள். அதனிடம், “எத்தனை பத்து அடித்தாய்?” என்று கேட்காமல், “ஐந்தும் சேர்ந்தனவா?” என்று கேளுங்கள்.

இனிக் கூறப்போவதை எல்லோரும் ஊன்றிக் கேட்க வேண்டும். அரைக் கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறதென்று கொண்டால், அது மணிக்கு 600 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகம். அதன் ஆற்றல் ஏறத்தாழ 7 ஜூல். அட்டைக்கு அது சிறிது. கண்ணுக்கு அது பேரழிவு. காற்றுத் துப்பாக்கிக் குண்டால் பார்வை இழந்த சிறுவர்களைப் பற்றிப் பல நாட்டுக் கண் மருத்துவர்கள் எழுதியுள்ளனர். குறி தவறிய குண்டு நூறு மீட்டருக்கு அப்பாலும் செல்லும். நம் காலனியில் நூறு மீட்டருக்குள் எத்தனை மொட்டை மாடிகள், எத்தனை சாளரங்கள், தெருவில் விளையாடும் எத்தனை குழந்தைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே சில விதிகள் மாற்றமின்றி இருக்க வேண்டும். குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், குண்டு உள்ள துப்பாக்கியாகவே அதனைக் கருதுக. குழலின் முகம் எந்நேரமும் மனிதர் இல்லாத திசையை நோக்கியிருக்கட்டும். சுடும் தறுவாய் வரை விரல் சுடுவிசையைத் தீண்டலாகாது. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதீர்கள். பலகையிலும் கல்லிலும் பட்ட குண்டு திரும்பித் தெறிக்கும். எனவே பழைய செய்தித்தாள்களை நெருக்கி அடைத்த ஆழமான பெட்டியை, பின்புறம் இரும்புத் தகடு வைத்து, இலக்குக்குப் பின்னே நிறுத்துங்கள். சுடுபவரும் அருகில் நிற்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். பெரியவர் ஒருவர் உடனில்லாமல் பெட்டியைத் திறக்கக் கூடாது. துப்பாக்கி ஒரு பூட்டுக்குள்ளும் குண்டுகள் வேறொரு பூட்டுக்குள்ளும் இருக்கட்டும். சாவி பெரியவரிடம் இருக்கட்டும்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின்கீழ் 2016-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளையோ உடைய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவை. வாங்குமுன் முறையான விற்பனையாளரிடம் இதனைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, விலைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். உறையின்றித் துப்பாக்கியைத் தெருவில் எடுத்துச் செல்வது, தீய நோக்கமே இல்லாவிடினும், அண்டை அயலாரை அச்சுறுத்தும். நாம் பிற மாநிலத்தில் வாழ்பவர்கள். நம் பிள்ளைகளின் நடத்தையைக் கொண்டு நம்மை எடைபோடும் அண்டை வீட்டார் உண்டு என்பதை மறவாதீர்கள்.

பறவைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். துப்பாக்கி கைக்கு வந்த இரண்டாம் வாரத்தில் அட்டை சலித்துவிடும். கண் மரக்கிளையை நோக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. சட்டத்துக்காக மட்டும் அன்று. மரத்தில் அமர்ந்த மைனாவைச் சுட்டு வீழ்த்திய பிள்ளை இலக்குப் பயிற்சியில் ஒன்றும் கற்றதாகாது. காற்றுத் துப்பாக்கியால் பறவைகள் அருகி வருவதை உணர்ந்து, அருணாசலப் பிரதேசத்தில் கிழக்குக் காமெங் மாவட்டத்தில் 2021-ஆம் ஆண்டு ஓர் இயக்கம் தொடங்கிற்று. தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிப் பழகிய மக்கள் தாமே முன்வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிகளை அரசிடம் ஒப்படைத்தனர். அவர்கள் விட்டுவிட்ட பழக்கத்தை நம் பிள்ளைகள் புதிதாகத் தொடங்குவது அழகன்று.

இவ்வளவு தொல்லை இருக்கும்பொழுது இக்கருவி எதற்கு என்று தாய்மார்கள் கேட்கலாம். நேர்மையான கேள்வி அது. வீட்டில் கவனிக்க ஆள் இல்லையெனில், பாதுகாப்பான இடம் இல்லையெனில், வேண்டாம் என்பதே சரியான விடை. அதில் குறை ஒன்றுமில்லை. வசதி இருப்பின் இக்கருவி கண்டிப்பான ஆசிரியராக விளங்கும். பிடியில் ஒரு சிறு மாற்றம், மூச்சில் ஒரு சிறு பதற்றம், எண்ணத்தில் ஒரு சிறு அலைவு, எதையும் மறைக்காமல் அட்டையில் காட்டிவிடும். ஓட்டத்தில் பின்தங்குபவரும், உடல் வலிமை குறைந்தவரும், ஆணும் பெண்ணும் வேறுபாடின்றி இதில் சிறக்கலாம். பெய்ஜிங்கில் பிந்திரா தம் கடைசிக் குண்டுக்கு முன் வேறொருவரோடு சமநிலையில் இருந்தார். அந்த ஒரு குண்டில் 10.8 பெற்று முதலிடம் கொண்டார். உலகமே பார்த்திருக்கும்பொழுது கையைத் தளர விட்டிருக்கக் கற்பது எளிதன்று. கற்றவர்க்கு அது தேர்வுக் கூடத்திலும் நேர்முகப் பேட்டியிலும் உதவும்.

இறுதியாகச் சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீட்டுக்கு வீடு ஒரு துப்பாக்கி இருப்பதைவிட, உரியவர்களிடம் அனுமதி பெற்று, சங்கத்தின் பொறுப்பில் இரண்டு துப்பாக்கிகள், நான்கு புறமும் அடைத்த ஒரு 10 மீட்டர்ப் பயிற்சியிடம், பூட்டிய பெட்டி ஒன்று, முறை வைத்துக் கவனிக்கப் பெற்றோர் சிலர் என்று அமைத்தால், செலவும் குறையும், அச்சமும் குறையும். பயிற்சியளிக்க அறிந்த ஒருவரை மாவட்டத் துப்பாக்கி சுடும் சங்கத்தின் வாயிலாக அழைக்கலாம். மக்களவையின் முதல் அவைத் தலைவர் மாவ்லங்கர் அவர்களைத் தலைவராகக் கொண்டு 1951-இல் தொடங்கிய தேசிய துப்பாக்கிச் சங்கத்தோடு இணைந்த சங்கங்கள் பல மாநிலங்களில் உள்ளன. ஆர்வமும் திறனும் காட்டும் பிள்ளைகள் அவ்வழியே மேலே செல்ல இயலும். ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் போதும். சென்ற ஆண்டில் துப்பாக்கி வாங்கிவிட்டவர்கள் அதனை அப்பொதுப் பெட்டியில் வைக்க முன்வருவார்களானால், இவ்வேலை அடுத்த மாதமே தொடங்கிவிடும். செயற்குழு இதனை ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.